'தெரிகிறது' என்று சொன்னேன்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)

கடைசி வரிசையில் கதவோரமாக இடம் பிடித்திருக்கிறார்கள் இன்றைய மாணவ மாணவியர். கதவோரத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நான்கு வருஷம் அது என்னுடைய இடம்.

சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கேட்டார்: "தம்பி, எதைப் பத்திப் பேசப் போறே?" நான் சொன்னேன், "பெரிய விமானமும் சின்ன விமானமும் ஆகாயத்துல மோதிக்காம இருக்கறது எப்படின்னு பேசறேன் அண்ணே." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நம்ம பசங்க யாருகிட்டப்பா சொந்த விமானம் இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். என்னிடமும் இல்லை. நான் அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில் விமான மின்னணுக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். சனிக்கிழமைகளில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒரு சின்ன செஸ்னா விமானத்தில் பறக்கக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்கும் வானத்துக்கும் உள்ள சொந்தம்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர், ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா. வானம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்த கன்ட்ரோலர் ரேடியோவில் சொன்னார்: உங்களுக்கு இரண்டு மணித் திசையில், மூன்று மைல் தூரத்தில், ஒரு ஜெட் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணித் திசை என்றால், மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு கடிகாரத்தில் இரண்டு இருக்கும் பக்கம். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு விமானம் தெரிந்தது. உடனே பட்டனை அழுத்தி, "தெரிகிறது" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அந்த அம்மா அமைதியாக, "எது?" என்று கேட்டார். விரலை நீட்டிக் காட்டினேன். அவர் என் விரலைப் பிடித்து ஒரு சாண் கீழே இறக்கினார். அங்கே, வீட்டுக் கூரைகளின் மேலே, அசையாமல் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் அந்த ஜெட். நான் பார்த்தது சம்பந்தமே இல்லாத வேறொரு சின்ன விமானம். "இதுதான் அதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். "அங்கே ஒண்ணுதானே இருந்தது" என்றேன். "உனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது" என்றார்.

ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை. ஜெட் போதுமான தூரத்தில்தான் போனது. ஆனால் தரை இறங்கும்வரை எனக்கு நம் மூன்றாமாண்டு லேப் ஞாபகமாகவே இருந்தது. ஒருநாள் என் ரெக்கார்டு நோட்டில் ஒரு ரீடிங்கைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "இது ஆசிலாஸ்கோப்ல தெரிஞ்சுதா, பக்கத்து நோட்ல தெரிஞ்சுதா?" என்று கேட்டார் மேடம். மேடம் இப்போதும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நோட்தான் மேடம். மன்னிக்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆகாயத்தில் நல்ல வெளிச்சம் இருந்தால், பைலட் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது ஆதிகாலம் தொட்டு இருக்கும் விதி. கேட்க எளிதாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஜெட் 250 நாட் வேகம், எதிரே ஒரு செஸ்னா 100 நாட் என்று வையுங்கள். நேருக்கு நேர் என்றால் இரண்டும் வினாடிக்கு 180 மீட்டர் நெருங்குகின்றன. ஒரு பொருளைப் பார்த்து, அது விமானம் என்று புரிந்து, மோதப்போகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கையை அசைத்து, விமானமும் அதற்குப் பணிந்து நகர மொத்தம் 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்க விமானத்துறையின் கையேடு சொல்கிறது. அதாவது 2,250 மீட்டர் தூரத்திலேயே பார்த்தாக வேண்டும்.

அந்தத் தூரத்தில் செஸ்னா எவ்வளவு பெரிசாகத் தெரியும்? அதன் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர். கையை முழுசாக நீட்டி, விரல் நுனியில் ஓர் அரிசியைப் பாதியாக உடைத்து வைத்துப் பாருங்கள். அந்த அகலம்தான். நடுவில் இருக்கும் உடம்பு கடுகைவிடச் சிறிசு. இந்த அரை அரிசி மெல்ல மெல்லப் பெரிதாகும் என்று நினைத்துவிடக் கூடாது. தூரம் பாதியானால்தான் உருவம் இரட்டிப்பாகும். ரொம்ப நேரம் அரிசியாகவே இருக்கும். மோதுவதற்கு ஒரு வினாடி முன்னால் அதே கை நீளத்தில் எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். அதற்குப் பிறகு பார்த்து என்ன பிரயோஜனம்?

இதிலும் கொடுமை ஒன்று உண்டு. நம் கண் அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். மோதும் பாதையில் வரும் விமானமோ கண்ணாடியில் அசையவே அசையாது. இரண்டும் நேர்க்கோட்டில், மாறாத வேகத்தில் வந்தால், அது தெரியும் கோணம் கடைசிவரை மாறாது. கண்ணாடியில் ஒட்டிய பூச்சி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். விலகிப் போகிற விமானம்தான் நகர்ந்து நம் கண்ணை இழுக்கும். அன்றைக்கு நான் பார்த்தது நகர்ந்துகொண்டிருந்த விமானம். அந்த அம்மா காட்டியது அசையாத புள்ளி.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில் இதை விமானங்களைப் பறக்கவிட்டே சோதித்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பைலட் ஒரு வினாடி தேடுவது, சொல்லப்படாதவர் எட்டு வினாடி தேடுவதற்குச் சமம் என்று கண்டார்கள். அதனால் கன்ட்ரோலர் சொல்லும் அந்த 'இரண்டு மணித் திசை' சாதாரண உதவி கிடையாது. ஆனால், சொன்ன பிறகும் தப்பான விமானத்தைப் பார்க்க முடியும்.

நான் பறக்கக் கற்ற மைதானத்தின் பெயர் மான்ட்கோமரி ஃபீல்டு. 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி காலை அதே மைதானத்திலிருந்து ஒரு செஸ்னா 172 கிளம்பியது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தார். மற்றவர் பயிற்சியாளர். நகரத்தின் பெரிய விமான நிலையமான லிண்ட்பர்க் ஃபீல்டில் இறங்குவதுபோல இறங்கி, தரை தொடாமல் மேலே ஏறிப் பழகினார்கள். அதே நேரம் சாக்ரமென்டோவில் புறப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸ் வழியாக, பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 182-ஆம் எண் விமானம் வந்தது. போயிங் 727. 135 பேர். பளிச்சென்ற காலை. மணி ஒன்பது.

கன்ட்ரோலர் ஜெட்டுக்கு செஸ்னாவைப் பற்றிச் சொன்னார். ஜெட் பைலட்டுகள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்படியானால் நீங்களே கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளுங்கள் என்று பொறுப்பு அவர்கள் கைக்கு மாறியது. செஸ்னாவுக்கும் தகவல் போனது: பின்னால் ஒரு ஜெட் வருகிறது, உங்களைப் பார்த்துவிட்டது. இந்த வாக்கியத்தை விசாரணை அறிக்கையில் படித்தபோது அறிக்கையைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். அந்த இருவரும் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பார்கள்! அவர்களால் பின்னால் திரும்பிப் பார்க்க வழியில்லை. சொல்லப்பட்ட திசையிலிருந்து செஸ்னா யாருக்கும் சொல்லாமல் இருபது டிகிரி போல வலப்பக்கம் திரும்பியதும் உண்மை. அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே திசையில், ஜெட் மேலேயும் பின்னாலுமாக, செஸ்னா முன்னாலும் கீழேயுமாகப் போயின. கீழே வீடுகள் நிறைந்த நகரம். அந்தப் பின்னணியில் ஒரு சின்ன விமானம்.

இதற்குள் ஜெட்டில் இருந்தவர்களின் கண்ணிலிருந்து செஸ்னா தப்பிவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அங்கே இருந்தது என்றார்கள் டவருக்கு. பிறகு, அது நம் வலப்பக்கமாகக் கடந்துவிட்டது என்று நினைக்கிறேன் என்றார்கள். ரேடியோ இரைச்சலில் டவருக்கு அது 'கடந்துகொண்டிருக்கிறது' என்று கேட்டிருக்கிறது. கடந்துவிட்டது என்றால் இப்போது பார்வையில் இல்லை. கடந்துகொண்டிருக்கிறது என்றால் கண் முன்னால் இருக்கிறது. நம் தமிழ் வாத்தியார் வினைமுற்றுக்கு அரை மார்க் குறைத்தபோது எவ்வளவு திட்டியிருப்போம்! அங்கே ஆங்கிலத்தில் வார்த்தையின் வால் மட்டும் மாறியது.

காக்பிட்டுக்குள் என்ன பேசினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. அந்தச் செஸ்னாவை நாம் தாண்டிவிட்டோமா என்று ஒருவர் கேட்கிறார். தாண்டியிருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். அப்படித்தான் நினைக்கிறேன் என்கிறார் ஒருவர். நம்புகிறேன் என்கிறார் வேறொருவர். சிரிப்புகூட வந்திருக்கிறது. தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை மட்டும் ரேடியோவில் போகவில்லை. அவர்கள் முதலில் பார்த்ததே வேறொரு விமானமாக இருக்கலாமோ என்ற சந்தேகமும் விசாரணையில் எழுந்தது.

தரையில் ரேடார் கணிப்பொறி மோதலுக்கு 19 வினாடி முன்பே எச்சரித்தது. பைலட்டுகள்தான் பார்த்துவிட்டார்களே என்று அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. சுமார் 2,600 அடி உயரத்தில் ஜெட்டின் வலது இறக்கையில் செஸ்னா மோதியது. நார்த் பார்க் என்ற குடியிருப்பில், டுவைட் தெருவும் நைல் தெருவும் சந்திக்கும் இடத்தருகே ஜெட் விழுந்தது. இரண்டு விமானங்களிலும் இருந்த 137 பேரும், தரையில் 7 பேரும் இறந்தார்கள். நான் அந்த முனைக்கு ஒருநாள் போனேன். சாதாரணத் தெரு. ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

பைலட்டுகள் எல்லாம் கவனக்குறைவானவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். அனுபவசாலிகள். நான்கைந்து பேர் இருந்த அந்தக் காக்பிட்டில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் நம்பினார்கள்.

கண்ணை நம்பிப் பயனில்லை என்றால் கருவி வேண்டும். இதில் ட்ரான்ஸ்பாண்டர் என்ற கருவி முக்கியம். தரை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் 'யாரது?' என்று கேட்கும். விமானத்தில் உள்ள ட்ரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிலாகச் சொல்லும். இது 'ஏ' முறை. எண்ணோடு உயரத்தையும் சொன்னால் 'சி' முறை. நம் ஹாஸ்டல் கணக்கில் சொன்னால், ரோல் நம்பர் சொல்கிறவன் ஒருத்தன், எந்த மாடியில் இருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொல்கிறவன் இன்னொருத்தன்.

மாடி சொல்லாததால் வந்த விபத்து 1986 ஆகஸ்ட் 31-இல் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே செர்ரிட்டோஸ். ஏரோமெக்சிகோவின் டி.சி.-9 விமானமும், நான்கு பேர் உட்காரும் பைப்பர் ஒன்றும் சுமார் 6,500 அடியில் மோதின. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாத வான்பகுதிக்குள் பைப்பர் வந்திருந்தது. அதில் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் உயரம் சொல்லும் வசதி இல்லை. கன்ட்ரோலர் அந்த நேரம் அனுமதியின்றி நுழைந்த இன்னொரு சின்ன விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஜெட்டில் 64 பேர், பைப்பரில் 3 பேர், கீழே வீடுகளில் இருந்த 15 பேர், மொத்தம் 82 உயிர்கள்.

இதற்குப் பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றம் 1987-இல் சட்டம் போட்டது. 30 இருக்கைகளுக்கு மேல் உள்ள பயணி விமானங்களில் டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயம். பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்கும் சின்ன விமானங்கள் உயரத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

டீகாஸ் செய்வது அழகான வேலை. தரை ரேடார் கேட்கும் அதே கேள்வியை விமானமே சுற்றியிருப்பவர்களிடம் கேட்கிறது. பதில் வர ஆன நேரத்திலிருந்து தூரம், தூரம் குறையும் வேகத்திலிருந்து மோத எத்தனை வினாடி என்று கணக்கு. மைல் கணக்கைவிட வினாடிக் கணக்கே முக்கியம் என்பதுதான் இதன் உயிர்நாடி. 1950-களிலேயே பெண்டிக்ஸ் நிறுவனத்தின் மொரெல் என்பவர் சொன்ன யோசனை. முதலில் 'டிராஃபிக்' என்று குரல் கொடுக்கும். இன்னும் நெருங்கினால் 'ஏறு' அல்லது 'இறங்கு' என்று ஆணையே போடும். இரண்டு விமானங்களிலும் டீகாஸ் இருந்தால் தங்களுக்குள் பேசி, ஒன்று ஏற மற்றது இறங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளும். சின்ன விமானத்தில் டீகாஸ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அது உயரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், பெரியது விலகிக்கொள்ளும். தரையிலிருந்து கன்ட்ரோலர் ஒன்று சொல்லி, கருவி வேறு சொன்னால் கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். 2002-இல் ஜெர்மனியில் யூபர்லிங்கன் அருகே 71 பேர் இறந்த பிறகு இந்த விதி எல்லோருக்கும் அழுத்தமாகப் பதிந்தது.

நம்மூரில் இதைப் பேசினாலே 1996 நவம்பர் 12, சர்க்கி தாத்ரி என்பார்கள். சவூதியின் 747-உம் கஜகஸ்தானின் இல்யூஷினும் மோதி 349 பேர் இறந்தனர். நம் நாட்டில் டீகாஸ் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். இரண்டும் பெரிய விமானங்கள் என்பதால் அந்தக் கதையை இன்று விட்டுவிடுகிறேன்.

டீகாஸுக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. பதில் சொல்லாதவனை அதற்குத் தெரியாது. 2006 ஆகஸ்டில் நெவாடா மாநிலத்தில் ஒரு ஹாக்கர் ஜெட், எஞ்சின் இல்லாத கிளைடர் ஒன்றின்மேல் மோதியது. கிளைடரில் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தது, பேட்டரியை மிச்சப்படுத்த அணைத்து வைத்திருந்தார்கள். கிளைடர் ஓட்டியவர் பாராசூட்டில் குதித்தார், ஜெட்டும் மூக்கு நசுங்கித் தரையிறங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். கடவுள் புண்ணியம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, தரைக்குச் சுமார் ஆயிரம் அடிக்குக் கீழே டீகாஸ் ஏறு, இறங்கு என்று ஆணை போடாது. 'டிராஃபிக்' என்று மட்டும் சொல்லும்.

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் அதுதான் நடந்தது. இறங்கிக்கொண்டிருந்த சிறிய பயணி ஜெட்டில் 64 பேர், ராணுவ ஹெலிகாப்டரில் 3 பேர். ஆற்றின்மேல் 300 அடி உயரத்தில் மோதல். ஜெட்டைப் பார்த்துவிட்டதாக ஹெலிகாப்டர் சொன்னது. கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள அனுமதி கேட்டது, கிடைத்தது. ஜெட்டில் ஏறத்தாழ 20 வினாடி முன்பு 'டிராஃபிக், டிராஃபிக்' என்று குரல் வந்தது. ஆணை வரவில்லை, வரும்படி வடிவமைக்கவும் இல்லை. 67 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. 1978-க்கும் இதற்கும் நடுவில் 46 வருஷம், எத்தனை கருவிகள்! கடைசியில் அதே 'தெரிகிறது'தான்.

மாணவர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இப்போது ஏ.டி.எஸ்.-பி. என்ற முறை வந்திருக்கிறது. விமானம் தன் ஜி.பி.எஸ். இருப்பிடத்தை யாரும் கேட்காமலே வினாடிக்கு இரண்டு தடவை போலக் கூவிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்பகுதிகளில் கட்டாயம். ஒரு செய்தி 112 பிட். அதில் கடைசி 24 பிட் பிழை சரிபார்க்க. நீங்கள் ஐந்தாம் செமஸ்டரில் படிக்கும் பல்ஸ் பொசிஷன் மாடுலேஷன்தான், பரீட்சைக்கு அப்புறம் எங்கேடா வரப்போகுது என்று நாங்கள் கேலி பேசினோமே, அதேதான். என் பால்கனியில் கட்டைவிரல் அளவு ரிசீவர் ஒன்று வைத்திருக்கிறேன். திரையில் சுற்றுப்புற விமானங்கள் எறும்புச் சாரை மாதிரி ஊரும். சில சமயம் தலைக்கு மேலே சத்தம் கேட்கும், அண்ணாந்தால் விமானம் தெரியும், திரையில் இருக்காது. மின்சார வசதியே இல்லாமல் கட்டப்பட்ட பழைய விமானங்களுக்கும், கிளைடர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. வாஷிங்டன் ஹெலிகாப்டரும் அன்று இந்த முறையில் எதையும் அனுப்பவில்லை. அனுப்பினாலும், வாங்கிப் பார்க்கும் திரை ஜெட்டின் காக்பிட்டில் இல்லை. கூவுவது கட்டாயம், கேட்பது அவரவர் விருப்பம் என்று விதி எழுதினால் இப்படித்தான்.



பின்குறிப்பு: உரை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, மூன்றாமாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "சார், அந்த பி.எஸ்.ஏ. பைலட் தெரியலைன்னு சொல்லியிருந்தா, கன்ட்ரோலர் என்ன பண்ணியிருப்பார்?" மேடையில் இதை நானே சொல்லியிருக்க வேண்டும். பார்த்து விலகும் பொறுப்பு அந்த நொடியே கன்ட்ரோலரிடம் திரும்பிப் போயிருக்கும். அவர் ரேடாரைப் பார்த்து, "இந்த உயரத்துக்குக் கீழே இறங்காதீர்கள்" என்றோ, "இடப்பக்கம் திரும்புங்கள்" என்றோ சொல்லியிருப்பார். ரேடியோவில் அதைச் சொல்ல மூன்று வினாடி ஆகும். எச்சரிக்கை மணி அடித்த பிறகு இருந்தது 19 வினாடி.